கடைசி வரி வரை படித்தவன்

அந்த வாரம் ஊரில் சாட்சிகளுக்குப் பஞ்சமே இல்லை. திங்கட்கிழமை இருட்டுகிற நேரத்தில் டிப்போ வளைவில் ஏதோ ஒரு வண்டி கணக்கு டீச்சரை அடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. அதைத் தன் இரண்டு கண்ணாலும் பார்த்ததாக ஸ்டேஷனுக்குப் போன் போட்டவர்கள் எக்கச்சக்கம். குடைக் கட்சிக்காரர்கள் அத்தனை பேரும் ஏணிக் கொடி கட்டிய வண்டியைப் பார்த்திருந்தார்கள். ஏணிக் கட்சிக்காரர்கள் அத்தனை பேரும் குடைக் கொடியைப் பார்த்திருந்தார்கள். அந்த நேரத்தில் வளைவில் ஒரு ஈ காக்காய்கூட இல்லை என்பதுதான் உண்மை.

டீச்சர் போன மாதம் குடைக் கட்சி மேடை ஒன்றில் ஏறிப் பேசியவர். அதனால் செவ்வாய்க்கிழமை காலையில் அவருடைய படம் ஊரில் இருக்கிற அத்தனை போனிலும் வந்து விழுந்தது. மத்தியானத்துக்குள் குற்றவாளியையும் ஊரே கண்டுபிடித்துவிட்டது. வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுகிற வேன்காரன். நீல வேன், அதில் ஏணிக் கொடி, முன்பக்கம் ஒரு பழைய நசுங்கல், டீச்சரோடு ஆன்லைனில் ஒரு வாய்ச்சண்டை. போலீசுக்கு வேறென்ன வேண்டும்? விசாரணை என்று தூக்கி உள்ளே வைத்துவிட்டார்கள்.

இப்போது வியாழக்கிழமை காலை. வேன்காரனின் அக்கா வக்கீலம்மாவின் எதிரில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். யூனிபார்ம் தைக்கிற கம்பெனியில் வேலை. துப்பட்டாவில் இன்னும் நூல் பிசிறு ஒட்டிக்கொண்டிருந்தது.

"நாளைக்குக் கோர்ட்டுல நிறுத்துறாங்களாம் மேடம். நிறுத்தினா ஜெயிலுதானாமே?"

வக்கீலம்மா பொய் சொல்லித் தேற்றுகிற ரகம் இல்லை. வாய்தா வாங்கி வாங்கி அலுத்துப்போய்க் கறுப்புக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் துப்பறிய வந்தவர். கோட்டு போனாலும் பட்டம் போகவில்லை. "ஆமா. உள்ள போயிட்டா வெளிய எடுக்கிறது கஷ்டம்" என்றார்.

"உங்க தம்பிக்குக் கட்சி ஆளுங்க இருக்காங்களே, அவங்க உதவலையா?" என்று கேட்டான் ஊசி. வக்கீலம்மாவின் உதவியாளன். உடம்பு ஒல்லி என்பதால் அந்தப் பெயர் என்று அவன் சொல்வான். வாயால் குத்துவதால் என்று ஊர் சொல்லும்.

அவள் ஒரு மாதிரி சிரித்தாள். அழுகையைவிட மோசமான சிரிப்பு. "அவங்கதான் மேடம் பெரிய தொல்லையே. வேனோட அவன் நிக்கிற படத்தைப் போட்டு, எங்க சிங்கம்னு எழுதுறாங்க. வாயாடுனா இப்படித்தான் நடக்கும்னு எழுதுறாங்க. நேத்து ஒருத்தர் போன் பண்ணி, உன் தம்பியைத் தைரியமா இருக்கச் சொல்லு, நான் செய்யலைன்னு மட்டும் சொல்ல வேணாம்னு சொல்லு, கட்சி மானம் போயிடும்கிறார். அவன் அந்த நேரத்துல என் வீட்டுல டியூப்லைட் மாட்டிட்டு இருந்தான் மேடம்! அக்கா சொன்னா சாட்சியில்லையாம்."

எதிரி நம்மைக் குற்றவாளி என்றால் மறுக்கலாம். சொந்தக் கட்சிக்காரனே தோளில் தூக்கி வைத்துக்கொண்டு 'ஆமா, இவன்தான்' என்று ஆடினால் என்ன செய்வது? மெல்லவும் முடியாது, முழுங்கவும் முடியாது.

கையில் இருந்த துப்பு ஒன்றே ஒன்றுதான். நேற்று அக்கா போனில் கேட்டுக்கொண்டதுமே வக்கீலம்மா ஊசியை வளைவுச் சாக்கடையில் இறக்கி விட்டிருந்தார். "இதுக்குத்தான் மேடம் எங்கப்பா என்னைப் படி படின்னாரு" என்று புலம்பிக்கொண்டே அவன் தேடியதில் ஒரு கார்க் கண்ணாடி கிடைத்தது. கதவோரம் டிரைவர் பின்னால் பார்ப்பதற்கு இருக்குமே, அது. வெள்ளிப் பெயின்ட், உடைப்பு புதுசு. நீல வேனின் இரண்டு கண்ணாடியும் முழுசாக இருந்தன. இன்ஸ்பெக்டரிடம் சொன்னால், "ரோட்டுல கிடக்கிற கண்ணாடிக்கெல்லாம் நான் ஓனர் தேட முடியுமா மேடம்? ஓனரைக் கொண்டு வாங்க, பேசலாம்" என்று டீயை உறிஞ்சினார். கண்ணாடியை வளைவுக்குப் பின்னால் இருந்த டயர் கடையில் பத்திரமாகக் கொடுத்து வைத்தார்கள். வீண் ஆசை காட்ட வேண்டாம் என்று அக்காவிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

"ஊர்ல வெள்ளிக் கலர் காரு, தலைமுடியில நரை மாதிரி மேடம். எண்ணி முடியாது" என்றான் ஊசி, அக்கா கிளம்பிப் போன பிறகு.

"நாம எண்ண வேணாம். அவனே வருவான்" என்றார் வக்கீலம்மா. "எழுந்திரு. எடிட்டரைப் பார்க்கணும்."

எடிட்டர் என்றால் பெரிய ஆபீஸ் எல்லாம் இல்லை. பல் டாக்டர் கிளினிக்குக்கு மேலே இரண்டு அறை, மூன்று கம்ப்யூட்டர், ஒரு இணையச் செய்தித்தளம். கீழே டிரில் ஓடும்போதெல்லாம் மேலே மேஜை அதிரும். எடிட்டருக்கு நாற்பது வயது, முகத்தில் அறுபது வயதுக் களைப்பு.

"உங்க செய்தியை ஜனங்க எப்படிப் படிக்கிறாங்க?" என்று கேட்டார் வக்கீலம்மா.

"படிக்கிறாங்களா? யார் சொன்னா?" எடிட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். "இது டீச்சர் செய்தி. ஷேர் பண்ணினவங்க ஆயிரக்கணக்குல. திறந்து பார்த்தவங்க அதுல பாதிகூட இல்ல. திறந்தவங்களும் அடுத்த நொடியே ஓடியிருக்காங்க. தலைப்பு ஏணிக்காரனுக்குப் பிடிச்சா அவன் ஹார்ட் போடுவான், குடைக்காரன் கோப மூஞ்சி போடுவான். ஒரு தடவை வெறுத்துப்போய் அதே செய்தியைத் தலைப்பை மட்டும் மாத்திப் போட்டேன். ஹார்ட்டும் மூஞ்சியும் அப்படியே இடம் மாறிடுச்சு. உள்ள ஒரு எழுத்து மாறலை மேடம்!"

"சும்மா சொல்லாதீங்க சார். நாங்கல்லாம் படிச்சிட்டுத்தான் போடுவோம்" என்றான் ஊசி. அவன் வீடே குடைக் கட்சி. அப்பா காலத்திலிருந்து.

வக்கீலம்மா அவன் பக்கம் திரும்பினார். "காலையில ஒண்ணு ஷேர் பண்ணியே, என்னது அது?"

"பாலத்துல ஏணிக்காரங்க காசு அடிச்சது மேடம். நாறிப்போச்சு."

"எந்தப் பாலம்?"

"அது... ஆத்துப் பாலம். இல்ல, மேம்பாலமோ?"

எடிட்டர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "அது நான் எழுதினதுய்யா. அந்தப் பாலத்தை இன்னும் கட்டவே ஆரம்பிக்கல. காசு அடிச்சாங்கன்றது பொய்ப் புகார்னு கடைசிப் பத்தியில தெளிவா போட்டிருக்கேன்."

கீழே டிரில் ஓடியது. பல் யாருக்கோ, கூச்சம் ஊசிக்கு. "கட்டாத பாலத்துல நான் ஏறி விழுந்துட்டேன் போல" என்று முனகினான்.

வக்கீலம்மா சிரிக்கவில்லை. "இப்பக் கேளு. இந்த ஊர்ல எல்லாருக்கும் முடிவு முன்னாடியே தெரியும். அதனால யாரும் கடைசி வரி வரைக்கும் போறதில்ல. அந்த வண்டியை ஓட்டினவன் மட்டும்தான் போவான். போலீஸ் எதுவரைக்கும் வந்திருக்கு, தன் பேரு வந்திருக்கான்னு அவன் ஒவ்வொரு செய்தியையும் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுப் படிப்பான். நாம அவனுக்கு மட்டும் ஒரு சேதி சொல்லணும். ஊர் முழுக்கச் சத்தமா, ஆனா அவனுக்கு மட்டும்."

"பொய்ச் செய்தின்னா ஆளை விடுங்க மேடம். பசியோட இருந்தாலும் இருப்பேன்" என்றார் எடிட்டர்.

"ஒரு எழுத்துகூடப் பொய் வேணாம்."

பத்தரை மணிக்குச் செய்தி ஏறியது. 'வேன்காரரை விடவே கூடாது: குடைக் கட்சி ஆவேசம்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. அவர்கள் ஆவேசப்பட்டது உண்மைதான், முந்தின நாள் மைக் வைத்தே ஆவேசப்பட்டார்கள். அதன் கீழே ஐந்து பத்தி. ஆறாவது பத்தியில், அடியில், மூன்றே வாக்கியம்: 'டிப்போ வளைவுச் சாக்கடையிலிருந்து ஒரு வாகனத்தின் உடைந்த பாகம் கிடைத்துள்ளது. தற்போது அது வளைவுக்குப் பின்னால் உள்ள டயர் கடையில் இருக்கிறது. இன்று மாலை போலீசிடம் ஒப்படைக்கப்படும்.'

டயர் கடையின் உள்ளறையில், அடுக்கி வைத்த டயர்களுக்குப் பின்னால் இருவரும் உட்கார்ந்தார்கள். ரப்பர் நாற்றம் மண்டையைப் பிளந்தது. ஊசி போனில் கமெண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடேயப்பா, என்ன வசவு, என்ன சாபம்! ஏணிக்காரன் குடைக்காரனின் பரம்பரையையே இழுத்தான். குடைக்காரன் ஏணிக்காரனுக்குப் பாடை கட்டினான். சாக்கடையில் கிடைத்த பாகம் பற்றி ஒரு ஜீவன்கூட மூச்சு விடவில்லை.

"நீங்க சொன்னது சரி மேடம். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்கோம், ஒருத்தனும் சோத்தையே தொடலை."

பன்னிரண்டு மணி சுமாருக்கு வாசலில் நிழல் விழுந்தது. ஊசி டயர் இடுக்கில் கண் வைத்தான். வந்திருந்தது வேன்காரனின் அக்கா.

"அண்ணே, இங்க ஏதோ வண்டியோட உடைஞ்ச பாகம் இருக்காமே? அது என்ன பாகம்ணே? எங்க தம்பி வண்டியில எதுவும் உடையலை. அதைச் சொன்னா போலீஸ் விட்டுடுவாங்களாண்ணே?"

டயர்கடைக்காரர் பேந்தப் பேந்த விழித்தார். ஊசி வக்கீலம்மாவின் காதருகே குனிந்தான். "மேடம், கடைசி வரைக்கும் படிக்கிறவன்தான் குற்றவாளின்னீங்க. இப்ப நம்மகிட்ட கேஸ் குடுத்தவங்களே வந்து நிக்கிறாங்க."

வக்கீலம்மாவின் முகம் வாடிப்போனது. "இவ ஒருத்தியை மறந்துட்டேன் பாரு" என்றார். வெளியே எழுந்து போய் அவளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து, சத்தம் காட்டாமல் உட்காரச் சொன்னார். தம்பி பெயர் வந்த எந்தச் செய்தியையும் ஒரு எழுத்து விடாமல் படிப்பதாக அவள் சொன்னாள். எங்கேயாவது ஒரு வரி அவனுக்குச் சாதகமாக இருந்துவிடாதா என்ற நப்பாசைதான்.

அரைமணி கழித்து இன்னொருவன் வந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். ஷேவ் செய்து நாளாகியிருந்தது. கடைக்குள் வராமல் வாசலிலேயே இந்தக் காலும் அந்தக் காலுமாக நின்றான்.

"அண்ணே, அந்தக் கண்ணாடியை நான் கொஞ்சம் பார்க்கலாமா?"

ஊசி வக்கீலம்மாவைப் பார்த்தான். அக்காகூடத் தலையைத் தூக்கினாள். செய்தியில் பாகம் என்றுதான் இருந்தது. என்ன பாகம் என்று கேட்டுக்கொண்டு வந்தவள் உள்ளே உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி என்று தெரிந்தே வந்தவன் வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

அவன் முகத்தை ஊசி இரண்டாவது தடவை பார்த்தான். "மேடம், இது டீச்சரோட பையன்."

குடைக் கட்சி மேடையில் மூன்று நாளாக நடு நாற்காலியில் உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்த பையன். 'தாய்க்கு நீதி கேட்கும் மகன்' என்று பேனரில் நின்ற பையன். வக்கீலம்மா டயர்களை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். அவன் ஓடப் பார்க்கவில்லை. ஓடுவதற்கு உடம்பில் ஒன்றும் மிச்சமில்லாதவன் போல அங்கேயே குந்திவிட்டான்.

"வெள்ளிக் கலர் காரு உங்க வீட்டுதா தம்பி?"

"ஆமாங்க."

"எங்க இருக்கு?"

"வீட்டுல. கவர் போட்டு மூடியிருக்கேன். போலீஸ் ரெண்டு தடவை வீட்டுக்கு வந்தாங்க. அந்தக் கவர் மேலதான் கையை ஊன்றிக்கிட்டு எனக்கு ஆறுதல் சொன்னாங்க."

அடிபட்டவள் வீட்டுக் காரை எவன் திறந்து பார்ப்பான்?

பையன் தானாகவே சொன்னான். திங்கட்கிழமை சாயந்திரம் ஓர் ஏணிக்காரன் அவனை ஆன்லைனில் வம்புக்கு இழுத்திருந்தான். காரை வளைவில் திருப்பிக்கொண்டே இவன் போனில் அதற்குப் பதில் தட்டிக்கொண்டிருந்தான். ஒரே ஒரு வரி. வலது பக்கம் ஏதோ இடித்தது. யாரோ விழுந்தது தெரிந்தது. பயத்தில் ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டான். வீட்டுக்குப் போய் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. உங்க அம்மா என்றார்கள்.

"நான் ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ளயே ஏணிக்காரங்கதான் செஞ்சாங்கன்னு பரவிடுச்சுங்க. கட்சிக்காரங்க வந்து கட்டிப்பிடிச்சு அழுதாங்க. கூட்டிட்டுப் போய் மேடையில ஏத்திட்டாங்க."

"அப்படியே இருந்துட்டே. ஒருத்தன் உள்ள கிடக்கிறான்" என்றார் வக்கீலம்மா.

"இல்லீங்க. நான் சொல்லிட்டேன்." அவன் நிமிர்ந்தான். "புதன்கிழமை காலையிலயே சொல்லிட்டேங்க. என் பேஜ்ல எழுதிட்டேன்."

போனைத் தடவி நீட்டினான். ஊசி வாங்கிப் பார்த்தான். அம்மாவின் படம். கீழே மூன்று வரி. 'அம்மா, மன்னிச்சிடும்மா. நீ கண்ணைத் திறக்கணும். உன்னை இப்படிப் பார்க்க என்னால முடியலம்மா.' அதற்குக் கீழே 'மேலும்' என்று மங்கலாக ஒரு சொல். ஊசி அதைத் தொட்டான். நாலாவது வரி விரிந்தது. 'வண்டியை ஓட்டினது நான்தான். வேன்காரர் இல்லை. யாராவது போலீசுக்குச் சொல்லுங்க, எனக்குத் தைரியம் இல்லை.'

கீழே எட்டாயிரம் ஹார்ட். 'அழாதே தம்பி, அவனுங்களைச் சும்மா விடமாட்டோம்' என்று வரிசையாகக் கமெண்ட். ஏணிக்காரர்கள் பக்கம் 'நாடகக் கம்பெனி', 'நடிப்புக்கு அவார்டு குடுங்க' என்று சிரிப்பு மூஞ்சிகள். நடுவில் யாரோ ஒரு புண்ணியவான் 'கடைசியில என்ன எழுதியிருக்கான்னு பாருங்கய்யா' என்று எழுதியிருந்தான். அவனை ஏணிக் கைக்கூலி என்று திட்டியே ஓட விட்டிருந்தார்கள்.

ஹார்ட் போட்டவர்களில் தெரிந்த ஆட்களின் பெயரை அந்தப் போன் முதலில் காட்டியது. டீச்சரிடம் படித்தவர்கள், பக்கத்து வீட்டார். பையன் பக்கத்தைத் தொடர்கிற ஊசியின் பெயரும் இருந்தது. நேற்று பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது போட்டது. கண்கூடக் கலங்கியதாக அவனுக்கு ஞாபகம். ஆனால் 'மேலும்' என்பதைத் தொடவில்லை.

ஊசி போனைத் திருப்பிக் கொடுத்தான். அவமானமாக இருந்தது.

"நீ பார்க்கலையாம்மா?" என்று அக்காவிடம் கேட்டார் வக்கீலம்மா.

"இந்தப் பையன் பேஜை பிளாக் பண்ணச் சொல்லி எங்க ஆளுங்க சொன்னாங்க மேடம். பண்ணிட்டேன்." அவள் வாசலுக்கு வந்து பையனுக்கு முன்னால் நின்றாள். அடிக்கத்தான் போகிறாள் என்று ஊசி நினைத்தான். கை ஓங்கவும் செய்தது. பிறகு தானாகக் கீழே இறங்கியது. "எங்க தம்பியை உனக்குத் தெரியுமாடா?"

"தெரியுங்க்கா. எங்க வீட்டுக்கும் அவர்தான் கேன் போடுவார். அம்மாவுக்கு இடுப்பு வலின்னு உள்ள வரைக்கும் தூக்கிட்டு வந்து வைப்பார்."

"அப்புறம் இதை எதுக்குடா எடுக்க வந்தே? தூக்கி எறியவா?"

"தெரியலீங்க்கா. நானே கொண்டுபோய் ஸ்டேஷன்ல குடுத்துடலாம்னுதான் கிளம்பினேன். வர்ற வழியில ஆத்துல போட்டுடலாம்னும் தோணுச்சு. நீங்க இல்லைன்னா எதைச் செஞ்சிருப்பேன்னு எனக்கே தெரியாது."

வக்கீலம்மா கண்ணாடியை ஒரு பழைய பேப்பரில் சுற்றி அவன் கையிலேயே கொடுத்தார். "நீயே தூக்கிட்டு வா. நாங்க கூட வர்றோம்."

இன்ஸ்பெக்டர் முதலில் நம்பவில்லை, பிறகு நம்ப விரும்பவில்லை. "குடைக்காரங்க ஸ்டேஷனையே பிரிச்சுடுவாங்க மேடம்" என்று வேர்வையைத் துடைத்தார். கார் கவரைத் தூக்கிப் பார்த்த பிறகு வேறு வழியில்லாமல் எழுதினார். எடிட்டர் உண்மையைத் தலைப்பிலேயே போட்டார். 'வேன்காரர் மோதவில்லை: டீச்சர் மகன் ஒப்புதல்.' குடைக்காரர்கள் பையனை மிரட்டி எழுதி வாங்கியதாகக் கோப மூஞ்சி போட்டார்கள். ஏணிக்காரர்களின் ஹார்ட் மட்டும் வழக்கமான வேகத்தில் வரவில்லை.

வேலையெல்லாம் முடிந்து நாலரை மணிக்கு வேன்காரனை வெளியே விட்டார்கள். ஸ்டேஷன் வாசலில் ஏணிக் கட்சிக் கூட்டம், எள் போட்டால் எள் விழாது. கையெல்லாம் கொடி, கொடி இல்லாத கையெல்லாம் போன். அவன் படி இறங்கியதும் "சிங்கம்! சிங்கம்!" என்று கத்தினார்கள். மூன்று நாள் தூக்கமில்லாத அந்தச் சிங்கம் வெயிலில் கண் கூச நின்றது. வட்டச் செயலாளர் மைக்கை வாயருகே நீட்டினார். "சொல்லு தம்பி, ஊருக்கு ஒரு வார்த்தை."

"நான் அடிக்கலீங்க" என்றான் அவன். "எங்கக்கா வீட்டுல லைட் மாட்டிட்டு இருந்தேன்."

மைக் சற்று நேரம் அங்கேயே நின்றது, பிறகு விலகியது. போன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. "இவன் இல்லையாமே" என்று பின்னால் யாரோ சொன்னது ஊசியின் காதில் விழுந்தது. அந்தக் குரலில் ஏமாற்றம்! கொடியைச் சுருட்டிக்கொண்டு ஒருவர் பின் ஒருவராகக் கிளம்பினார்கள். கடைசியில் வாசலில் அக்கா மட்டும் நின்றாள். ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, முதுகில் நாலு அடி வைத்துவிட்டு அழுதாள்.

அவன் அவளை அணைத்தபடியே இந்தப் பக்கம் பார்த்தான். வக்கீலம்மா, ஊசி, செய்தி சேகரிக்க வந்த எடிட்டர். யார் என்று தெரியாவிட்டாலும் தனக்காக வந்தவர்கள் என்று புரிந்திருக்க வேண்டும். கையெடுத்துக் கும்பிட்டான்.

"டீச்சர் இப்ப எப்படி இருக்காங்க?" என்று கேட்டான்.

எடிட்டர் வக்கீலம்மாவைப் பார்த்தார். வக்கீலம்மா ஊசியைப் பார்த்தார். ஊசி தன் செருப்பைப் பார்த்தான். மூன்று பேருக்கும் தெரியவில்லை. டீச்சரைப் பற்றியே நான்கு நாள் பேசியிருந்தார்கள், எழுதியிருந்தார்கள். பெற்ற பிள்ளையைப் பிடித்துக் கொடுத்திருந்தார்கள். அந்த அம்மாள் இன்று கண் விழித்தாரா, உயிரோடு இருக்கிறாரா என்று ஒருவரும் விசாரிக்கவில்லை.

வக்கீலம்மா அவசரமாகப் போனை எடுத்தார். இரண்டு கட்சி ஆட்களின் நம்பரும் அதில் இருந்தன. இன்ஸ்பெக்டர், எடிட்டர், டயர்கடைக்காரர் நம்பர்கூட இருந்தது. ஆஸ்பத்திரி நம்பர் இல்லை.